உரிமையாளர் இல்லாத கண்ணாடி

அமாவாசையை ஒட்டிய நாட்களில் அவர்கள் பெரும்பாலும் கருவியைத் தொடுவதில்லை. நிலா அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கும். நிலாவை நோக்கித் திருப்பிய ஆண்டெனா சூரியனின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நிலா தனுசு ராசியைக் கடக்கும் நாட்களும் ஆகாது. பால்வீதியின் மையம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அங்கிருந்து வரும் இரைச்சலில் எதிரொலி மூழ்கிவிடும். நிலா பூமியை நெருங்கி வரும் நாட்களே நல்ல நாட்கள். 4,05,000 கி.மீ. தொலைவில் இருக்கும்போது கிடைப்பதைவிட, 3,63,000 கி.மீ. தொலைவில் இருக்கும்போது எதிரொலியின் திறன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடும். இப்படி நாள் பார்த்து, நிலா எழும் நேரம் பார்த்து, நிலாவின் மீது வானொலி அலையை எறிந்து, அது தெறித்துத் திரும்புவதைக் கொண்டு வேறொரு கண்டத்தில் இருப்பவரோடு தொடர்புகொள்கிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் ஹாம் என்று அழைக்கப்படும் தன்னார்வ வானொலியாளர்கள். பகலில் வேறு வேலை, இரவில் இந்த ஈடுபாடு. கையில் செல்பேசி இருக்கும் காலத்தில் இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. அந்தச் செல்பேசி ஒரு நிறுவனத்தின் கோபுரத்தை நம்பியிருக்கிறது. செயற்கைக்கோள் இணைப்பு வேறொரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை நம்பியிருக்கிறது. நிலாவை அணைத்துவைக்கவோ, சந்தா கட்டாதவருக்கு மறுக்கவோ யாராலும் முடியாது. அது உரிமையாளர் இல்லாத கண்ணாடி. வானத்தில் இப்படிப் பொதுவாகக் கிடைப்பது என்ன, தனியாருக்கும் தனி அரசுகளுக்கும் போவது என்ன என்ற வழக்கு இந்தப் பத்தாண்டில் வேகமாகத் தீர்ப்பை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எண்பது ஆண்டுக்கால நிலா எதிரொலியின் கதையை இப்போது எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இது எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்துவிடலாம். நிலா நம்மிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அலை போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். வானத்தில் அரை பாகை அகலமே உள்ள அந்த வட்டத்தில் படுவது அனுப்பிய அலையில் ஒரு சிறு பகுதி; மற்றதெல்லாம் பக்கவாட்டில் வீணாகப் போய்விடும். பட்டதிலும் ஏறக்குறைய 7 சதவீதத்தை மட்டுமே நிலாவின் மண்ணும் பாறையும் திருப்பி அனுப்புகின்றன. அதுவும் எல்லாத் திசைகளிலும் சிதறித்தான் வரும். 144 மெகாஹெர்ட்ஸில் இந்தப் பாதையின் இழப்பு சுமார் 252 டெசிபல். அனுப்பிய திறனை, ஒன்றுக்குப் பின் 25 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வருவதே மிச்சம். ஆண்டெனாக்கள் இரு முனையிலும் அலையைக் குவித்துக் கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான். போதாததற்கு, அயனிமண்டலம் அலையின் தளத்தை முறுக்கிவிடுகிறது. கரடுமுரடான நிலா லேசாக அசைவதால் எதிரொலி நடுங்கி நடுங்கி வருகிறது. பூமி சுழல்வதால் அலைவெண்ணும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இத்தனையையும் மீறி முதலில் காதில் விழுந்தது 1946 ஜனவரி 10 அன்று.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில், கேம்ப் இவான்ஸ் என்ற ராணுவ ஆய்வு நிலையம். போரில் பயன்பட்ட ரேடார் ஒன்றைத் திருத்தி, இரண்டு ஆண்டெனாக்களை ஒன்றாகச் சேர்த்துக் கோபுரத்தில் ஏற்றியிருந்தார்கள். அதைப் பக்கவாட்டில் திருப்பலாம். மேலே தூக்க முடியாது. அதனால் நிலா அடிவானத்தில் எழும்போதும் மறையும்போதும் மட்டுமே வேலை. 111.5 மெகாஹெர்ட்ஸில், 3 கிலோவாட் திறனில், கால் விநாடி நீளத் துடிப்புகளை அனுப்பினார்கள். அலைவாங்கியின் வாசல் மிகக் குறுகலாக வைக்கப்பட்டிருந்ததால், அந்த நேரத்தில் நிலா எந்த வேகத்தில் நெருங்குகிறது என்று கணக்கிட்டு, அலைவெண் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதற்கேற்பத் திருகினால்தான் எதிரொலி உள்ளே வரும். பகல் 11 மணி 58 நிமிடம். துடிப்பு போனது. இரண்டரை விநாடி கழித்துத் திரையில் கோடு ஒன்று எழுந்தது, ஒலிபெருக்கியில் முனகல் கேட்டது. திட்டத்தின் பெயர் டயானா. ரோமானியரின் நிலாத் தெய்வம்.

அதன் தலைவர் ஜான் டெவிட் ராணுவ வேலைக்கு வருவதற்கு முன்பே ஹாம். நாஷ்வில்லில் வானொலி நிலையம் ஒன்றின் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, 1940இலேயே தன் சொந்த ஆர்வத்தில் நிலாவை நோக்கி அலை அனுப்பிப் பார்த்துத் தோற்றவர். ராணுவம் அவரிடம் கேட்டது வேறொன்று. ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகளைக் கண்ட பிறகு, அயனிமண்டலத்துக்கு மேலே பறக்கும் பொருளை ரேடார் பார்க்குமா என்று தெரிய வேண்டியிருந்தது. அதைச் சோதிக்க நிலாவைவிடப் பெரிய இலக்கு வானத்தில் கிடையாது. பழைய ஆசையை டெவிட் அரசாங்கச் செலவில் முடித்துக்கொண்டார் என்று சொன்னால் தவறாகாது. பின்னால் வந்த விண்வெளித் தொடர்பு அனைத்துக்கும் அடிப்படையான உண்மை அன்று உறுதியானது: வானொலி அலை பூமியை விட்டு வெளியே போகும், திரும்பியும் வரும்.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 6 அன்று, போரில் சிதைந்து கிடந்த புடாபெஸ்டில் ஜோல்தான் பாய் என்ற இயற்பியலாளர் இதையே செய்து காட்டினார். அவருடைய சாதனையே இந்தக் கதையில் மனதை அதிகம் தொடுவது. டங்ஸ்ராம் விளக்கு நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1944இல் தொடங்கிய வேலை குண்டுவீச்சில் இடம்பெயர்ந்தது. 1945இல் சோவியத் படை ஆய்வகத்தின் கருவிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. பாய் தன் குழுவோடு மறுபடி கட்டினார். ஒற்றை எதிரொலியைக் காணும் அளவுக்கு அவரிடம் கருவி நயம் இல்லை. அதனால் கூட்டிச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். வாங்கியிலிருந்து வரும் மின்னோட்டத்தைச் சுழலும் சுவிட்ச் ஒன்று வரிசையாகப் பத்து மின்பகுப்புக் குழாய்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். குழாய்களில் ஹைட்ரஜன் வாயு சிறுகச் சிறுகச் சேரும். இரைச்சல் எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவு வாயுவைத் தரும். எதிரொலி வர வேண்டிய நேரத்துக்குரிய குழாயில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். பல நூறு முறை துடிப்பு அனுப்பிய பிறகு வாயுவின் மட்டத்தை அளந்தார்கள். அந்தக் குழாயில் கூடியிருந்தது. தனித்தனியாகக் கேட்காத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கூட்டிக் கேட்கலாம் என்ற இந்த முறை இல்லாமல் இன்றைய வானொலி வானியலே இல்லை. பாய் 1948இல் ஹங்கேரியை விட்டு வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

எதிரொலி கேட்டதும் அமெரிக்கக் கடற்படையின் காது நிமிர்ந்தது. அந்தக் காலத்தில் கடல் கடந்த செய்திகள் குறுக்கலையில், அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் போய்க்கொண்டிருந்தன. சூரியனில் ஒரு கொந்தளிப்பு வந்தால் மணிக்கணக்கில் எல்லாம் அடங்கிவிடும். நிலாவுக்கு அந்தக் கோளாறு இல்லை. கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டிரெக்ஸ்லர் 1951இல் மேரிலாந்தின் ஸ்டம்ப் நெக் என்ற இடத்தில் தரையையே குழியாகத் தோண்டிப் பெரிய ஆண்டெனா அமைத்தார். சோவியத் ரேடார்களின் அலைகள் நிலாவில் பட்டு வருவதை ஒட்டுக்கேட்பதுதான் முதல் நோக்கம். 1954 ஜூலை 24 அன்று அவர் மைக்கில் பேசினார். இரண்டரை விநாடி கழித்து அவர் குரலே நிலாவிலிருந்து திரும்பி வந்தது. பூமியை விட்டுப் போய்த் திரும்பிய முதல் மனிதக் குரல் அதுதான்.

1960 ஜனவரியில் மேரிலாந்துக்கும் ஹவாய்க்கும் இடையே நிலா வழித் தொடர்பு முறைப்படி தொடங்கியது. நிமிடத்துக்கு 60 சொல் வீதம் பதினாறு டெலிபிரிண்டர் தடங்கள். ஹான்காக் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் மாலுமிகள் எழுத்து வடிவில் அணிவகுத்து நின்று நிலாத் தொடர்பின் பெயரை எழுதிக் காட்டிய படம் நிலாவில் பட்டு வந்து சேர்ந்தது. இரு முனையிலும் நிலா அடிவானத்துக்கு மேலே இருக்கும் மணி நேரங்களில் மட்டுமே பேச முடியும் என்ற குறையைக் கடற்படையால் போக்க முடியவில்லை. நிலாவின் கால அட்டவணையை எந்த அட்மிரலும் மாற்ற முடியாதே. அப்படியானால் நாமே ஒரு நிலாவைச் செய்துவிடலாம் என்ற யோசனை அடுத்து வந்தது.

பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் கணக்கைப் போட்டார். நாசாவின் லாங்லி மையத்தில் வில்லியம் ஓசல்லிவன் பலூனைச் செய்தார். எக்கோ என்று பெயர். நூறு அடி விட்டம், அலுமினியம் பூசிய மைலார் தாள், அதன் தடிமன் 0.0127 மில்லிமீட்டர். இத்தனை பெரிய உருண்டையை மடித்து மடித்து ஒரு மீட்டருக்கும் குறைவான பெட்டிக்குள் அடக்கினார்கள். மேலே போனதும் உள்ளே தூவியிருந்த பொடி ஆவியாகி அதை ஊதிவிட வேண்டும். 1959 அக்டோபரில் நடந்த சோதனையில் மடிப்புக்குள் தங்கிய காற்று விரிந்து பலூன் வெடித்தது. அதன் துண்டுகள் வெயிலில் பளிச்சிட, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை மக்கள் வானத்தில் வேடிக்கை பார்த்தார்கள். 1960 ஆகஸ்ட் 12 அன்று எக்கோ சரியாக விரிந்தது. அதிபர் ஐசனோவரின் பதிவுசெய்த குரல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து கிளம்பி, பலூனில் பட்டு, நியூ ஜெர்சியின் ஹோல்ம்டெல்லில் இறங்கியது. சுமார் 1,600 கி.மீ. உயரத்தில் சுற்றிய அதைப் பல நாட்டு மக்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். 1968 மே மாதம் காற்றுமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

எக்கோவைக் கேட்க ஹோல்ம்டெல்லில் கட்டிய கொம்பு வடிவ ஆண்டெனா அங்கேயே நின்றது. இரைச்சல் மிகக் குறைந்த கருவி என்பதால், வானத்தின் வானொலி ஒளியை அளக்க ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964இல் அதை எடுத்துக்கொண்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் போகாத ஒரு மெல்லிய இரைச்சல். கொம்புக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை வெளியேற்றினார்கள், எச்சத்தைத் துடைத்தார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. அண்டம் பிறந்த வெப்பத்தின் மிச்சம் அது. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பலூன் காலாவதியான தொழில்நுட்பம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எக்கோ பலூனில் யார் வேண்டுமானாலும் அலை எறியலாம். கீழே யார் எறிந்தது என்று அதற்குத் தெரியாது. வாங்கிய அலையை அப்படியே சிதறடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இந்தப் பொதுத்தன்மை அடுத்த திட்டத்தில் கெட்டது.

எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் ராணுவத்துக்காக வகுத்தது வெஸ்ட் ஃபோர்டு திட்டம். ஒவ்வொன்றும் 1.78 செ.மீ. நீளம், முடியைவிட மெல்லிய செப்பு ஊசிகள். மொத்தம் 48 கோடி. அவற்றைப் பூமியைச் சுற்றி ஒரு வளையமாகப் பரப்பிவிட்டால், 8 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றில் பட்டுத் தெறிக்கும். ஊசியின் நீளம் அந்த அலைநீளத்தில் பாதி என்பதுதான் சூட்சுமம். கடலடிக் கம்பிகளை எதிரி அறுத்தாலும், அயனிமண்டலம் கலங்கினாலும் ராணுவத்துக்குப் பேச வழி இருக்கும் என்ற கணக்கு. 1961இல் முதல் முயற்சியில் ஊசிகள் விரியவில்லை. 1963 மே மாதம் விரிந்தன. கலிபோர்னியாவிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் குரல் போய்ச் சேர்ந்தது.

தொழில்நுட்பமாக அது வெற்றி. உலகம் கொதித்தது. பிரிட்டனின் ஜோட்ரெல் பேங்க் ஆய்வகத்தை நடத்திய பெர்னார்ட் லவல் வெளிப்படையாக எதிர்த்தார். வானியலாளர் சங்கங்கள் கண்டனம் செய்தன. சோவியத் பத்திரிகைகள் அமெரிக்கா வானத்தை அசுத்தப்படுத்துவதாக எழுதின. ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சூரிய ஒளியின் அழுத்தத்தால் ஊசிகள் சில ஆண்டுகளில் கீழே வந்துவிடும் என்று லிங்கன் ஆய்வகம் சொன்னது. தனித்தனியாகப் பிரிந்தவை வந்தன. ஒட்டிக்கொண்டு கட்டியானவற்றில் சில இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன. கெட்டிக்காரப் பொறியாளர்கள் நல்ல நோக்கத்தோடு செய்த வேலைதான் அது. ஆனாலும் எல்லாருடைய வானத்தில் கைவைக்கும் முன் மற்றவர்களைக் கேட்கவில்லை. ஒரு நாட்டின் செயல் மற்றவர்களின் விண்வெளிப் பணிக்கு இடையூறாகும் என்று கருதக் காரணம் இருந்தால் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்று 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு சொல்கிறது. அந்த வரிகளுக்குப் பின்னால் இந்த ஊசிகளின் நினைவு இருக்கிறது.

ஊசிகள் விரிவதற்குள்ளேயே டெல்ஸ்டார் வந்துவிட்டது. 1962 ஜூலையில் பறந்த அந்தச் செயற்கைக்கோள் அலையை வாங்கிப் பெருக்கித் திருப்பி அனுப்பியது. பெருக்கும் கருவி இருந்தால் கீழே சிறிய ஆண்டெனா போதும். அடுத்த ஆண்டே பூமியோடு சேர்ந்து சுழலும் சின்காம் வந்தது. 1945இல் ஆர்தர் சி. கிளார்க் கட்டுரையாக எழுதியதும், பிறகு இலங்கையைத் தன் வீடாக்கிக்கொண்டு அவர் வாழ்நாளெல்லாம் பேசியதும் அந்தச் சுற்றுப்பாதையைப் பற்றித்தான். ராணுவமும் வணிகமும் கண்ணாடியைக் கைவிட்டன. நியாயமான முடிவு. தொலைக்காட்சியையும் இணையத்தையும் நிலா சுமக்காது; அப்படிச் சுமக்கும் என்று வாதிடுவது வீண்.

கைவிடப்பட்ட இடத்தில் ஹாம்கள் நின்றார்கள். 1953 ஜனவரியில் இரண்டு அமெரிக்க ஹாம்கள் 144 மெகாஹெர்ட்ஸில் தங்கள் அலையின் நிலா எதிரொலியைப் பிடித்தார்கள். 1960 ஜூலை 21 அன்று மாசசூசெட்ஸிலும் கலிபோர்னியாவிலும் இருந்த இரண்டு ஹாம் சங்கங்கள் 1296 மெகாஹெர்ட்ஸில் நிலா வழியாக முதல் இருவழித் தொடர்பை முடித்தன. அப்போதெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு அடியில் மோர்ஸ் ஒலியைத் தேட வேண்டும். ஒலி ஒரு நொடி எழும்பும், அடுத்த நொடி அமிழ்ந்துபோகும். ஒரு புள்ளி தப்பினாலும் எழுத்து மாறிவிடும். இரு முனையிலும் அழைப்புக் குறியும் ஒரு மதிப்பீடும் முழுசாகப் பிடிபட்டு, பிடிபட்டதாக ஒப்புதலும் வந்தால்தான் தொடர்பு நடந்ததாகக் கணக்கு. பாதி கேட்டதைக் கேட்டதாகச் சொல்வது இந்தச் சமூகத்தில் பெரிய இழுக்கு.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததல்ல. 1958இல் வெள்ளிக் கோளுக்கு ரேடார் அலை அனுப்பிய லிங்கன் ஆய்வகம், எதிரொலி கேட்டதாக 1959இல் அறிவித்தது. அதே ஆண்டு ஜோட்ரெல் பேங்கும் அதை ஒத்த முடிவைச் சொன்னது. இரண்டும் தவறு. 1961 மார்ச் மாதம் கோல்ட்ஸ்டோன் ஆண்டெனா உண்மையான எதிரொலியைப் பிடித்தபோது, வெள்ளி இருக்கும் தொலைவு முன்னவர்கள் சொன்னதிலிருந்து விலகியிருந்தது தெரிந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவு அதற்குப் பிறகே துல்லியமாக அளந்து திருத்தப்பட்டது. கேட்க விரும்பியதை இரைச்சலில் கேட்டுவிடும் பழக்கம் மிகச் சிறந்த ஆய்வகங்களையும் விடவில்லை.

நிலாத் தொடர்பைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு நோபல் அறிஞர். ஜோசப் டெய்லர், இரட்டை விண்மீன் அமைப்பில் உள்ள பல்சார் என்ற துடிக்கும் விண்மீனைக் கண்டுபிடித்ததற்காக ரசல் ஹல்ஸோடு 1993இல் பரிசு வாங்கியவர். சிறு வயதிலிருந்தே ஹாம். பல்சாரின் மங்கிய துடிப்புகளைப் பிரித்தெடுத்த கைப்பழக்கத்தைக் கொண்டு, 2003இல் ஜேடி65 என்ற குறிமுறையை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். ஒரு நிமிடம் அனுப்ப வேண்டும், ஒரு நிமிடம் கேட்க வேண்டும். 72 பிட் செய்தியைப் பல மடங்கு விரித்து, பாதி அழிந்தாலும் மீட்கும்படி பின்னியிருந்தார். காதுக்கு எட்டவே எட்டாத அலையைக் கணினி பிரித்து எழுத்தாகக் காட்டியது. மொட்டை மாடியில் ஒரு யாகி ஆண்டெனா, 100 வாட்டைத் தாண்டிய ஒரு பெருக்கி, ஒரு மடிக்கணினி. மறுமுனையில் பெரிய நிலையம் ஒன்று இருந்தால் இது போதும் என்றானது. கணினி தன்னிடம் உள்ள அழைப்புக் குறிப் பட்டியலோடு ஒப்பிட்டு ஊகிப்பது உண்மையான தொடர்பா என்று ஹாம்களுக்குள் பெரிய சண்டையும் நடந்தது. நல்ல சண்டை அது. இயந்திரம் சொன்னதை எப்போது நம்பலாம் என்ற கேள்வியை அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தங்களுக்குள் நேர்மையாக விவாதித்திருக்கிறார்கள்.

வானம் தரும் கண்ணாடி நிலா மட்டும் அல்ல. எரிகற்கள் காற்றில் உரசி எரியும்போது, தரைக்கு மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் அயனிக் கோடு ஒன்றை விட்டுச் செல்லும். பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் மறைந்துவிடும் அந்தக் கோட்டில் பட்டு 2,000 கி.மீ. வரை அலை போகும். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பனியின் ஆழத்தை அளக்கும் நூற்றுக்கணக்கான தானியங்கி நிலையங்கள் 1970களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் இந்த வழியில்தான் தகவல் அனுப்பின. செல்பேசிக் கோபுரம் எட்டாத பள்ளத்தாக்குகளிலிருந்து, யாருக்கும் வாடகை கொடுக்காமல், அடுத்த தூசி எரியும் வரை காத்திருந்து அனுப்பின. அந்த மாநிலங்களின் நீர்ப்பாசனத் திட்டங்களுக்கு அந்தத் தகவல்தான் ஆதாரம்.

வெள்ளிக் கோளையும் ஹாம்கள் விடவில்லை. 2009 மார்ச் 25 அன்று ஜெர்மனியின் போகும் நகரில் இருக்கும் 20 மீட்டர் ஆண்டெனாவிலிருந்து அலை கிளம்பி, 8 கோடி கி.மீ.க்கும் மேல் பயணித்து, சுமார் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது. நெதர்லாந்தில் 1956இல் கட்டி, பணி முடிந்து துருப்பிடித்துக் கிடந்த டுவிங்கலூ தொலைநோக்கியைத் தன்னார்வலர்கள் செப்பனிட்டு நிலாத் தொடர்புக்குப் பயன்படுத்துகிறார்கள். 2010 ஏப்ரலில் போர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ ஆண்டெனாவை ஹாம்கள் சில நாட்கள் கையில் எடுத்தபோது, கையில் பிடித்த சின்ன யாகி வைத்திருந்தவர்களும் நிலாவிலிருந்து வந்த மனிதக் குரலைக் கேட்டார்கள். அந்த அரெசிபோ 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது.

இனி, வானம் யாருக்கு என்ற வழக்குக்கு வருவோம்.

பூமிக்கு அருகில் இன்று ஸ்டார்லிங்க் என்ற ஒரே தனியார் வலையமைப்பின் செயற்கைக்கோள்கள் மட்டும் ஏழாயிரத்துக்கும் அதிகம். தொலைவில் வாழ்பவருக்கு அவை இணையம் கொடுக்கின்றன. அந்தப் பயனை மறுக்க முடியாது. ஆனால் 2023இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, ஐரோப்பாவின் லோஃபர் தொலைநோக்கி 68 ஸ்டார்லிங்க் கோள்களைக் கவனித்தபோது, 47 கோள்களின் உள் மின்னணுவிலிருந்து 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் அலை கசிவது தெரிந்தது. அவை ஒலிபரப்பும் அலை அல்ல. வேண்டுமென்று விட்டதும் அல்ல. ஆனாலும் இந்தக் கசிவுக்கு இன்று கறாரான சர்வதேச விதி ஏதும் இல்லை. 48 கோடி ஊசிக்கு எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எழவில்லை என்பது வருத்தமானது. நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் நிற்கும் வானொலித் தொலைநோக்கிக்கும் இது அந்நியப் பிரச்சினை அல்ல. கோவிந்த் ஸ்வரூப் 1970இல் அமைத்த அந்த 530 மீட்டர் நீளக் கருவி, தொலைதூர வானொலி மூலங்களை நிலா மறைக்கும் கணத்தைக் கொண்டு அவற்றின் அளவைக் காணத் திட்டமிடப்பட்டது. அதுவும் நிலாவைக் கருவியாக்கிய அறிவியலே. அது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ், வானியலுக்கென்று ஒதுக்கிய சிறு சந்து. அப்படிப்பட்ட சந்துகள்தான் நெருக்கப்படுகின்றன.

அடுத்து நிலாவின் முறை. அதன் மறுபக்கம் பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத ஒரே அண்டை நிலம். அண்டத்தின் முதல் விண்மீன்களுக்கு முந்தைய காலத்தின் ஹைட்ரஜன் அலையைக் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் முன்மொழிந்திருக்கும் பிரதுஷ் கருவி அந்தப் பக்கம் சுற்றும்போது கேட்கவே வடிவமைக்கப்படுகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 22ஆம் பிரிவு அந்த மறைவுப் பகுதியின் அமைதியைக் காக்கச் சொல்கிறது. விண்வெளி ஆய்வுக்குத் தேவையான அலைகளுக்கு விலக்கும் தருகிறது. 2019இல் சீனா மறுபக்கத்தில் இறங்கியது, பேச ஒரு துணைக்கோளையும் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தது. இன்னும் பல நாடுகளும் நிறுவனங்களும் நிலாவைச் சுற்றித் தகவல் தொடர்பு வலை அமைக்கத் திட்டமிடுகின்றன. நிலாவைச் சுற்றிய அந்தத் தொடர்புக்கு எந்த அலைவரிசை என்பது 2027 உலக வானொலி மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அங்கே எடுக்கும் முடிவைப் பிறகு திருத்துவது கடினம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவத்துக்கு அருகில் இறங்கிய நாட்டின் சொல்லுக்கு அந்த மாநாட்டில் எடை உண்டு. இந்தியக் குழு கேட்க வேண்டியவை தெளிவானவை. மறுபக்கத்துக்கு மேலே பறக்கும் ஒவ்வொரு கோளும் எந்த அலைவரிசையில், எப்போது பேசும், எப்போது அடங்கியிருக்கும் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்யும் கட்டாயம் வேண்டும். கசிவு அலைக்கு அளவு வைக்க வேண்டும். 2023 துபாய் மாநாட்டில் வழிசெலுத்தும் கோள்களின் பாதுகாப்புக்காக 1240 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரையான ஹாம் அலைவரிசைக்கு வழிகாட்டு நெறிகள் வந்தன. நிலாத் தொடர்பாளர்கள் அதிகம் பயன்படுத்தும் வரிசைகளில் அது ஒன்று. ஹாம்கள் அதை இழக்கவில்லை. அடுத்த மாநாடுகளிலும் இழக்காதபடி பார்த்துக்கொள்ள நம் தொலைத்தொடர்புத் துறைக்கு அக்கறை வேண்டும்.

வீட்டு வேலையும் இருக்கிறது. இந்தியாவில் 12 வயது நிரம்பிய எவரும் தேர்வு எழுதி ஹாம் உரிமம் பெறலாம். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் மின்னணுத் துறை இல்லாத கல்லூரி அரிது. அவற்றில் எத்தனை மாடிகளில் நிலாவைத் தொடரும் ஆண்டெனா இருக்கிறது? நான்கு யாகிகளைச் சட்டத்தில் பொருத்தி, அவற்றைத் திருப்ப மோட்டார் வைத்து, இரைச்சல் குறைந்த முன்பெருக்கியை ஆண்டெனாவுக்கு அருகிலேயே மாட்டி, டெய்லரின் இலவச மென்பொருளை ஏற்றினால், ஒரு மாணவர் குழு தன் சொந்த அலைக்கு நிலா தரும் பதிலைத் தேடத் தொடங்கலாம். இரைச்சல் வெப்பநிலை, டாப்ளர் நகர்வு, பிழை திருத்தும் குறிமுறை என்று பாடப் புத்தகத்தில் தனித்தனியாகக் கிடக்கும் அத்தியாயங்கள் எல்லாம் அந்த ஓர் இரவில் ஒன்றாகத் தேவைப்படும். உரிமத் தேர்வுகளை மாவட்டத் தலைநகரங்களில் அடிக்கடி நடத்துவதும், கல்லூரி ஹாம் நிலையங்களுக்கான அனுமதியை மாதக்கணக்கில் இழுக்காமல் கொடுப்பதும் அரசு செய்ய வேண்டியவை. 2027 மாநாட்டுக்குப் போகும் இந்தியக் குழுவில் வானியலாளர்களோடு ஹாம் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும். அந்தப் பெயரை இப்போதே முடிவு செய்துவிடலாம்.